அரக்கோணம் வழியாக வந்த களிம்பு

தேவராஜனின் புஜத்து நாமம் பெரிதாகிக்கொண்டே போவதை முதலில் கவனித்தவள் அவர் மனைவி கோமளவல்லி. அது அறுபத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதம். உடம்பில் பன்னிரண்டு இடத்திலும் திருமண் இட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர் அவர். மற்ற நாமமெல்லாம் அளவாக, விரல் நீளத்தில் இருக்கும். வலது புஜத்தில் இட்டது மட்டும் நாளுக்கு நாள் அகன்று உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

“இதென்ன, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி?” என்று கேட்டாள்.

“கை நழுவிடுத்து.”

“தினமுமா நழுவும்?”

மறுநாள் காலை அவர் கிணற்றடியில் தீர்த்தமாடிவிட்டு நிமிர்ந்தபோது அவள் தவலையை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். நாமம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு படை. அதன்மேல் காய்ந்த அரிசி மாவு ஒட்டிக்கொண்டதுபோல வெள்ளைப் பொருக்கு. இரண்டு முழங்கைகளிலும் அதே மாதிரி. முழங்கையில் இருப்பதை அடுப்பில் சுட்டுக்கொண்ட காயம் என்று கோயிலில் சொல்லிவைத்திருக்கிறாராம். புஜத்துக்கு அந்தக் காரணம் ஒட்டவில்லை, அதனால்தான் திருமண்.

தேவராஜன் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். அவருக்கும் சித்தப்பா பிள்ளை மணவாளனுக்கும் மாதம் விட்டு மாதம் முறை. வீட்டு அரிசியும் பருப்பும் அந்த முறையிலிருந்து வருவதுதான். உடம்பில் புண்ணோ படையோ உள்ளவன் மடப்பள்ளி அடுப்பண்டை போகக்கூடாது என்பது எங்கேயும் எழுதிவைத்த விதி அல்ல. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த விதி. வெளியே தெரிந்தால் மடப்பள்ளிப் பெரியவர் ராமானுஜம் முறையை மணவாளனிடம் கொடுத்துவிடுவார். அப்படிப் போய்விட்ட முறை திரும்பி வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதிலும் தை மாதம் தேவராஜனுடையது. தை உத்ஸவத்தில் பத்து நாளும் தளிகை பண்ணுவது அவர் தகப்பனார் காலத்திலிருந்து வருகிற காரியம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த ஊர்ப் பெருமாளே வைத்தியர். மரு, தேமல், சொறி, சிரங்கு என்று அமாவாசைக்கு அமாவாசை எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். குளத்தில் வெல்லத்தைப் போட்டு, அது கரைகிறமாதிரி தங்கள் வியாதியும் கரையவேண்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பெருமாளுக்கே சமைத்துப் போடுகிறவன் உடம்பில் படை.

“ஊருக்கெல்லாம் குணமாக்கற பெருமாள் தன் பரிசாரகனுக்குப் பண்ணலியேன்னு கேப்பா. எனக்காகச் சொல்லலை கோமளா. பெருமாளுக்கு என்ன பேர் வரும்?” என்றார் தேவராஜன்.

“பெருமாள் பேரைப் பெருமாள் பாத்துப்பார். உங்க முழங்கையை நான் பாக்கறேன்” என்றாள் கோமளவல்லி.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே பெண் பூமா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கோமளவல்லி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் பாதியில் வைக்கத் தெரியாது. முதல் இரண்டு அமாவாசையும் கூட்டம் வருமுன் குளத்தில் இறங்கி வெல்லம் போட்டாள். படை கரையவில்லை. ஆனி அமாவாசை கழிந்ததும், ஒன்றுவிட்ட அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் சொல்லிவிட்டு, புருஷனை மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

தோல் டாக்டர் நகத்தால் பொருக்கைச் சுரண்டிப் பார்த்தார். “ஒட்டற வியாதி இல்லை. உயிருக்கும் ஒண்ணும் பண்ணாது. ஆனா முழுசாப் போயிடும்னு நான் சொல்லமாட்டேன். வரும், போகும்” என்றார். சீட்டில் ஒரு களிம்பு எழுதினார். ஆஸ்பத்திரியிலேயே ஒரு டப்பி கொடுத்தார்கள். மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. தடவிய இடத்தில் தோல் ஊதாவும் பழுப்புமாகக் கறை ஏறிற்று. வேட்டியில் பட்டால் வேட்டியிலும் ஏறியது, துவைத்தாலும் போகவில்லை. ஆனால் படை மெலிந்தது. பத்துப் பதினைந்து நாளில் பொருக்கு உதிர்வது நின்றது.

அதற்குள் டப்பி காலி. மறுபடி போனபோது ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். அது கம்பெனியிலிருந்து அடைத்து வருகிற மருந்து இல்லை, தூளை வாங்கித் துத்தநாகப் பசையில் போட்டு யாராவது அரைத்துத் தரவேண்டும். மதராஸில் பெரிய கடைகளில் அரைப்பார்கள்தான். ஆனால் இன்று கொடுத்தால் நாளை வா என்பார்கள். தங்கலாம் என்றால் திருவல்லிக்கேணி முழுக்க உறவு. யார் வீட்டில் தங்கினாலும் “என்ன மருந்து, யாருக்கு?” என்றுதான் காபியோடு கேள்வியும் வரும்.

சொந்த ஊர் மருந்துக் கடையில் கேட்பது என்ற யோசனையே அவர்களுக்கு வரவில்லை. சன்னிதித் தெரு முனையில் குப்புராஜ் கடை இருந்தது. ஆனால் அந்த வாசலில் சீட்டை நீட்டினால், களிம்பு வீட்டுக்கு வருமுன் சங்கதி மடப்பள்ளிக்குப் போய்விடும். ஆகவே யாரும் தங்களை அறியாத ஊர்களாகப் பார்த்துப் போவது என்று தீர்மானமாயிற்று. போகிறவள் கோமளவல்லி. மடிசாரும் மூக்குத்தியுமாக ஒரு பொம்மனாட்டி தனியாக ரயிலிலிருந்து இறங்கினால் கடம்பத்தூர் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

கடம்பத்தூர்க் கடைக்காரர் சீட்டை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். “இது இன்னாம்மா, டானிக்கா?”

“களிம்பு.”

“களிம்புன்னா இதோ கீது பாரு. சேத்துப்புண்ணுக்குப் போடறது. ஊரே இதத்தான் போடுது.”

“சீட்டுல இருக்கறது வேணும்.”

“அதெல்லாம் அரைக்கிற ஆளு இங்க இல்லம்மா. மாத்திரைன்னா குடுப்பேன்.”

திருநின்றவூரில் ஒருவர், எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் வரவழைத்துத் தருகிறேன் என்றார். இரண்டு தடவை போயும் வரவில்லை. மூன்றாம் தடவை கடையே பூட்டியிருந்தது. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அந்தப் போக்குவரத்துக்கு வேறு ஒரு பலன் கிடைத்தது. மணவாளன் பெண்டாட்டி அம்புஜவல்லி ஒரு நாள் கிணற்றடியில் வந்து நின்றுகொண்டு, “மன்னி, திருநின்றவூர்ல மனை பாக்கறேளாமே” என்றாள்.

“யார் சொன்னா?”

“ரயில்ல பாத்தவா சொன்னா. ஒரு தடவை இல்லை, மூணு தடவையாம். வாங்கறதுதான் வாங்கறேள், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? பக்கத்துல பக்கத்துல போட்டுண்டிருக்கலாம்.”

“பாத்தேன். பிடிக்கலை” என்றாள் கோமளவல்லி. பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புரட்டாசி தேவராஜன் முறை. மருந்து இல்லாமல் படை பழையபடி தடித்துவிட்டது. நாமம் மறுபடி அகன்றது. சனிக்கிழமை கோயிலில் புளியோதரையைக் கையில் வாங்கும்போது கோமளவல்லிக்கு அந்த முழங்கை கண்முன் வந்தது. ஒட்டாத வியாதி என்று டாக்டர் சொன்னது சரி. ஆனால் அண்டாவில் சாதத்தைக் கிளறுகிறபோது முழங்கையிலிருந்து பொருக்கு உதிராது என்று அவர் சொல்லவில்லை. வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி, அதே பிரசாதத்தைப் பிட்டுக் குழந்தை வாயில் வைத்தாள். கோமளவல்லி தன் கையில் இருந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

மறு வாரம் அரக்கோணம் போனாள். அங்கே முனுசாமி என்பவர் மருந்துக் கடை வைத்திருந்தார். சீட்டைப் பார்த்ததுமே, “இது தெரியும். எந்த ஊரும்மா?” என்றார்.

“திருவள்ளூர்.”

முனுசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “திருவள்ளூர்லேருந்து இதுக்காகவா இங்க வந்த? இது அரைக்கிறதே உங்க ஊர்லதாம்மா. குப்புராஜ் கடை. அமாவாசைக்கு வர்ற ஜனம் பூராவும் தோலு வியாதிக்காரங்க. கொளத்துல முழுக்குப் போட்டுட்டு நேரா அவரு கடைக்குத்தான் வருவாங்க. மதராஸுக்கு இந்தாண்ட அவ்ளோ தோலு மருந்து வேற யாரும் வச்சிக்கினு இல்ல. எங்களுக்கு வேணும்னாலே அங்கதான் ஆள் அனுப்புவோம்.”

கோமளவல்லி பையைக் கீழே வைத்துவிட்டு, “அப்படின்னா ஆள் அனுப்பி வாங்கி வையுங்கோ. நான் வந்து வாங்கிக்கறேன்” என்றாள்.

“இன்னாம்மா சொல்ற? உன் ஊட்டாண்ட இருக்கிற கடைலேருந்து நான் இங்க கொண்டாந்து, நீ இங்கேருந்து அங்க எடுத்துக்கினு போறதா?”

“ஆமாம்.”

முனுசாமி வியாபாரி. மறுபேச்சுப் பேசாமல் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

இப்படித்தான் ஐப்பசியும் கார்த்திகையும் ஓடின. குப்புராஜ் கடையில் அரைத்த களிம்பு முனுசாமியின் ஆளோடு அரக்கோணம் போகும். கோமளவல்லி பாசஞ்சர் ஏறிப் போய் அதை வாங்கி, பையில் அப்பளக் கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு திருவள்ளூரில் இறங்குவாள். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் குப்புராஜ் கடை வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். டப்பியின்மேல் ஒட்டியிருக்கும் அந்தக் கடைச் சீட்டை ஈரத்துணி வைத்து உரித்து அடுப்பில் போட்டுவிடுவாள். தேவராஜன் சமையல் கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தடவிக்கொள்வார். முறை நடக்கிற மாதத்தில் கோயிலுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு வேளையும் முழுக்குப் போடவேண்டும். தடவியது தங்காது. அதனால் படை குறைவதும் ஏறுவதுமாக இருந்தது.

மார்கழி அவருக்கு முறை இல்லாத மாதம். தை பிறப்பதற்குள் எப்படியாவது தோலைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி வந்துவிட்டது. கோமளவல்லி அரிசி களைந்துகொண்டிருந்த ஒரு காலை, டப்பியில் இருந்ததை எல்லாம் எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெண்ணெய் தடவுகிறமாதிரி தடவிக்கொண்டு, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் துணியை அவிழ்த்தபோது படையில்லாத நல்ல தோலெல்லாம் வெந்துபோய், நெருப்புப் பட்டதுபோலச் சிவந்து வீங்கியிருந்தது. கையை மடக்க முடியவில்லை. நீட்டவும் முடியவில்லை.

“தேங்காய் எண்ணெய் போடட்டுமா?”

“தெரியலை.”

“ஜலம் விட்டு அலம்பலாமா?”

“தெரியலைங்கறேனே கோமளா.”

அரக்கோணம் போய் முனுசாமியைக் கேட்டு வருவதற்குள் சாயங்காலமாகிவிடும். அவரும் கடை வைத்திருப்பவர்தான், அரைக்கிறவர் இல்லை. அரைக்கிறவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கோமளவல்லி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலி டப்பியோடு வாசல் வழியாகவே கிளம்பினாள்.

குப்புராஜ் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். முதலாளி குப்புராஜ் கல்லாவில் இருந்தார். உள்ளே மேஜையில் கண்ணாடிப் பலகைமேல் எதையோ குழைத்துக்கொண்டிருந்தவர் கம்பவுண்டர் ஆசீர்வாதம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர்.

கோமளவல்லி டப்பியைப் பலகைமேல் வைத்தாள். “அரக்கோணம் முனுசாமி கடைக்கு நீங்க அரைச்சுத் தர்றது இது. எங்காத்துக்காரருக்குத்தான். அள்ளி அப்பிண்டுட்டார். கை பூரா வெந்துடுத்து. என்ன பண்ணணும்?”

நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் டப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம டப்பிதான். முனுசாமி ஆளு வாரா வாரம் வந்து இத்த வாங்கினு போறானே, அரக்கோணத்துல அப்படி யாருக்குடா இவ்ளோ படைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நம்ம மாட வீதிக்கா போச்சு?”

“பேசிண்டு நிக்க நேரமில்லை.”

“எந்தமட்டும் வெந்திருக்குன்னு பாக்காம நான் இன்னா சொல்றது, அம்மா? அவர கூட்டிக்கினு வாங்க.”

“வரமாட்டார்.”

“அப்ப நான் வரட்டா?”

ஆசீர்வாதம் அந்த வீதி வீடுகளுக்குள் வந்தது கிடையாது. யாருக்கு மருந்து வேண்டுமானாலும் ஆள் விட்டு வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். “வாங்கோ” என்றாள் கோமளவல்லி.

கல்லாவிலிருந்து குப்புராஜ், “போய்ட்டு வாய்யா. கடைய நான் பாத்துக்கிறேன்” என்றார்.

ஆசீர்வாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். பகல் பதினொரு மணி வெயிலில் வீதி முழுக்கப் பார்த்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் தயங்கி நின்றபோது, “உள்ள வாங்கோ, கை உள்ளதான் இருக்கு” என்றாள் கோமளவல்லி.

தேவராஜன் அவரைப் பார்த்ததும் கையை மறைக்கப் பார்த்தார். வலியில் முடியவில்லை. ஆசீர்வாதம் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“சாமி, இது படைய எரிக்கிற மருந்து. அதுக்கு நல்ல தோலு, கெட்ட தோலுன்னு தெரியாது. படைமேல மட்டும் தீக்குச்சி முனையால வைக்கணும். சுத்தி வாஸலின் பூசிக்கணும். உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

“ஆஸ்பத்திரில சொன்னா. அவசரத்துல…”

“அவசரப்பட்டா தோலு கேக்குமா? பத்து நாளு இதத் தொடாதீங்க. தேங்கா எண்ணெய் மட்டும் போடுங்க. அப்புறம் பாதி வேகத்துல அரைச்சுத் தர்றேன். தண்ணியில அடிக்கடி முழுவறதையும் கொஞ்சம் கொறைங்க.”

“கொறைக்கறதாவது? தை என் முறை.”

ஆசீர்வாதம் நிமிர்ந்து கோமளவல்லியைப் பார்த்தார். பிறகு கிளம்பிப் போனார்.

அவர் சைக்கிள் முனை திரும்புமுன் அம்புஜவல்லி வந்துவிட்டாள். கூடத்தில் எண்ணெய்க் கிண்ணத்தையும் தேவராஜன் கையையும் பார்த்தாள். முகத்தில் இரக்கமும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தன.

“அப்போ மனை வாங்கலையா, மன்னி?”

“இல்லைடி. மருந்து வாங்கினேன்.”

அவள் போனபின் தேவராஜன் மனைவியிடம், “ஊரைக் கூட்டிட்டயே. இனிமே என்ன பாக்கி?” என்றார்.

“கை பாக்கி. அதை நீட்டுங்கோ” என்று அவள் எண்ணெயைத் தொட்டு வைத்தாள். வைத்துக்கொண்டே, “அந்தக் கோயில் ஆபீஸ்காரர் கடையில இருந்தார். ராமானுஜம் மாமா காதுக்குச் சாயங்காலத்துக்குள்ள போயிடும். அவர் வந்து கேக்கறதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொன்னா அது ஒரு மாதிரி. அவர் வந்து கேட்டா அது வேற மாதிரி” என்றாள்.

“போய் என்னன்னு சொல்றது? இத்தனை மாசமா இந்தக் கையோட தளிகை பண்ணினேன்னா?”

“அதைத்தான்.”

தேவராஜன் எழுந்து நெற்றியில் மட்டும் திருமண் இட்டுக்கொண்டார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெந்த கையும் புஜத்துப் படையும் அப்படியே வெளியே தெரிய நடந்துபோனார். ராமானுஜம் வேட்டி முந்தியில் கறை பட்டால்கூடப் பரிசாரகனைத் திருப்பி அனுப்புகிறவர். என்ன பேசினார்கள் என்பதை தேவராஜன் வீட்டில் விவரமாகச் சொல்லவில்லை. திரும்பி வந்து தண்ணீர் கேட்டார்.

“என்ன சொன்னார்?”

“எத்தனை மாசமான்னு கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிண்டு உக்காந்துட்டார். அப்புறம் தை மணவாளன் பாக்கட்டும்னார்.”

“அப்புறம்?”

“ஆறினப்புறம் வந்து காட்டு, முறை உன்னோடதுதான்னார். ஆறற வரைக்கும் அடுப்பண்டை நிழல் படப்படாதுன்னார்.” தம்ளரைக் கீழே வைத்தார். “திட்டியிருந்தா தேவலை.”

தை உத்ஸவத்தில் அந்த வருஷம் மணவாளன்தான் தளிகை. தேவராஜன் வீட்டில் இருந்தார். சாயங்காலம் வாகனம் வீதியில் வரும்போது வாசலில் நின்று சேவித்தார். மணவாளன் நல்லவன், புளியோதரையை இலையில் கட்டிப் பூமாவிடம் கொடுத்தனுப்பினான். தேவராஜன் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “உப்பு கம்மி” என்றார். அப்புறம் மிச்சத்தையும் சாப்பிட்டார்.

குப்புராஜ் கடைக்குக் கோமளவல்லி வாரம் ஒருமுறை போனாள். ஆசீர்வாதம் அரைத்துத் தந்ததைக் கூடத்தில் வெளிச்சத்தில் வைத்து, தீக்குச்சியால் படைமேல் மட்டும் தொட்டு வைத்தாள். முழுக்கு ஒரு வேளையோடு நின்றதால் மருந்து தங்கியது. பங்குனிக்குள் புஜம் சுத்தமானது. முழங்கை சித்திரையில். வைகாசியில் ராமானுஜம் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போ என்று தலையசைத்தார். கறை மட்டும் பழுப்பாகக் கொஞ்ச காலம் இருந்தது. கேட்டவர்களுக்கு தேவராஜன் மருந்துக் கறை என்றே சொன்னார்.

அரக்கோணம் போவது அத்தோடு நின்றது. முனுசாமி ஒரு தடவை ஸ்டேஷனில் கோமளவல்லியைப் பார்த்து, “இன்னாம்மா, நம்ம கடைய மறந்துட்ட?” என்று கேட்டார். “ஊர்லயே கெடைக்கறது” என்றாள் அவள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி கடைசியில் ஒரு நாள் தேவராஜன் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்து, வேட்டியைச் சற்றுத் தூக்கி இடது முழங்காலைக் காட்டினார். கால் ரூபாய் அளவுக்குச் சிவப்பு, மேலே வெள்ளைப் பொருக்கு.

“வந்துடுத்து” என்றார்.

கோமளவல்லி குனிந்து பார்த்தாள். முழங்கால் வேட்டிக்குள் இருக்கிற இடம். கோயிலில் யார் கண்ணிலும் படாது. இரண்டு நாளில் கார்த்திகை பிறக்கப்போகிறது, அவர் முறை. இருவருக்குமே இது தெரிந்துதான் இருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு குப்புராஜ் கடைக்குக் கிளம்பினாள். அவர் அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ராமானுஜத்தின் வீட்டுப் பக்கம் நடந்தார்.